வேதாகமச் சொற்கள் 14: சிட்சை

சித்தி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜெபக்குழுவிலிருந்து நான்கு பேர் பார்க்க வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், சங்கீதம் வாசித்தார்கள், கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் சிட்சிக்கிறாரும்மா. மனசுல எதையாவது மறைச்சு வச்சிருந்தா அறிக்கை பண்ணிருங்க, சுகம் தானா வரும்" என்றார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் சித்தி என்னைப் பார்த்தாள். "நான் என்னத்தல மறைச்சேன்? சீட்டுல போட்ட ரெண்டாயிரம் ஒங்க சித்தப்பாவுக்குத் தெரியாது. அதுக்கா ஆண்டவரு இடுப்ப ஒடிப்பாரு?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை.

'சிட்சை' நம் சபைகளில் இப்படித்தான் புழங்குகிறது. வடமொழியில் சிக்ஷா என்றால் கல்வி, பயிற்சி. இந்தியில் இன்றும் பள்ளிப் படிப்புக்கு அதுதான் பெயர். தமிழுக்கு வந்து அது தண்டனைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அடியாத மாடு படியாது என்று சொல்லியே பிள்ளை வளர்த்த ஊரில் பாடமும் பிரம்பும் ஒன்றாகிப் போனதில் ஆச்சரியம் என்ன?

எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் நிற்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'பைதேயா' என்று இருக்கிறது. பிள்ளை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது என்று பொருள். கண்டிப்பும் அதற்குள் அடக்கம்தான். ஆனால் அந்த நிருபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். இரண்டு அதிகாரம் முன்னால் போனால் தெரியும்: விசுவாசத்தினால் நாலுபேர் முன் அவமானப்பட்டவர்கள், ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்கள், காவலில் இருந்தவர்களுக்காகப் பரிதவித்தவர்கள். ஒளித்து வைத்த பாவத்துக்காக அடிவாங்கியவர்கள் அல்ல. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான், இதையெல்லாம் வைத்து உங்களைத் தள்ளிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நீங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்கிறார் நிருபக்காரர். ஆறுதலாகச் சொன்னதைக் குற்றப்பத்திரிகை ஆக்கியது நாம்.

கிரேக்கத்தில் அந்த அதிகாரத்தில் சாட்டை ஒன்று இருப்பதை மறைக்க மாட்டேன். அது வந்த வழி சுவாரசியமானது. நிருபக்காரர் எடுத்துக்காட்டுவது நீதிமொழிகள் 3:12. எபிரேயத்தில் அங்கே சாட்டை இல்லை, பிள்ளையின் மேல் பிரியம் வைத்த தகப்பன் இருக்கிறார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் தகப்பன் போய்ச் சாட்டையடி வந்தது. உயிரெழுத்துகளைக் குறிக்காமல் எழுதிய காலம் அது. 'தகப்பனைப் போல' என்ற எழுத்துகளை 'நோகச் செய்கிறார்' என்று வாசித்துவிட்டார்கள் என்பது அறிஞர்கள் கணிப்பு. நம் பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தகப்பன் நிற்கிறார், மற்றதில் தண்டிக்கிறார் என்று இருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டோனாவூர் ஞாபகம் வரும். அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், தேவதாசிகளாக விடப்படவிருந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஊர். 1931-ல், 63 வயதில், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். அந்திக் கருக்கல். கழிப்பறைக்கு வெட்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டு, பெரும்பாலும் அந்த ஒரே அறை.

விழுந்த அன்று காலையில், உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய எது தேவையோ அதை எனக்குச் செய்யும் என்று அவர் ஜெபித்திருந்தாராம். பிரசங்கிமாருக்கு இது அல்வா மாதிரி. ஜெபத்துக்குப் பதிலாகக் குழி வந்தது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. மூடாமல் விட்ட குழி, மூடாமல் விட்ட குழிதான். அதை ஆண்டவர் கணக்கில் எழுதுவானேன்? ஏமி அம்மாளின் விசுவாசத்தை நான் பார்ப்பது குழியில் அல்ல, அதற்குப் பிறகு வந்த ஏழாயிரம் ராத்திரிகளில்.

அந்த ராத்திரிகளில் அவர் எழுதினார். 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களாலான புத்தகம். அதை எழுத வைத்த காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். படுத்திருந்தவருக்கு யாரோ துண்டுப் பிரசுரங்கள் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் சுகமாய் இருப்பவர்கள் சுகமில்லாதவர்களுக்கு எழுதிய நல்ல நல்ல வார்த்தைகள். ஒன்றுகூட அவரைத் தொடவில்லை. எழுதினவர்களுக்கு வலிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நேசிக்கிற கையை அவர் கடைசிவரை சந்தேகப்படவில்லை. அதற்காக, வலியை வலி இல்லை என்று சாதிக்கவும் இல்லை. ஏன் தனக்கு இது என்பதற்கு விளக்கம் கேட்டு வாதாடி ஜெயித்த கதையும் அங்கே கிடையாது. யோபுவுக்கும் கடைசியில் காரணம் சொல்லப்படவில்லை. காரணம் காரணமாக அடுக்கிய மூன்று சிநேகிதர்கள்தான் கர்த்தரிடம் திட்டு வாங்கினார்கள். நம் ஜெபக்குழுக்கள் அந்த 42ஆம் அதிகாரம்வரை வாசிப்பதில்லையோ என்னவோ.

தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று ஏமி அம்மாள் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

சித்தியைப் பார்க்க அடுத்த வாரமும் அந்த நால்வர் வந்தார்கள். மூத்தவர் வேதாகமத்தைத் திறந்தார். சித்தி போர்வையை விலக்கினாள். "அது இருக்கட்டும்க்கா. மொதல்ல இந்தக் கால கொஞ்சம் நீவி விடுங்க. மரத்துப்போய்க் கெடக்கு."

அவர் வேதாகமத்தை மூடித் தலையணை ஓரம் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

(தொடரும்)