தொழில்முனைவோர்: வகையும் தேர்வும்

இடரை ஏற்றுத் தொழில் தொடங்கி நடத்துபவர் தொழில்முனைவோர் ஆவார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கிளாரன்ஸ் டான்ஹாஃப் அவர்களை நான்கு வகையினராகப் பிரித்தார். புதிய பொருளையோ முறையையோ முதலில் கொணர்பவர் புதுமை படைப்போர். பிறர் கண்ட புதுமையைத் தம் சூழலுக்கேற்ப மேற்கொள்பவர் பின்பற்றுவோர். மாறாவிடில் இழப்பு உறுதி என்ற நிலையில் மட்டுமே மாறுபவர் தயங்குவோர். இழப்பு நேரினும் பழைய முறையை விடாதவர் மாறாதோர்.

இவர்களுள் புதுமை படைப்போர் மட்டுமே உயர்ந்தோர் எனக் கருதுதல் பொருந்தாது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், குறைந்த செலவில் மாதவிடாய் நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். அதற்காகப் பல ஆண்டுத் தோல்விகளையும் ஊராரின் ஏளனத்தையும் தாங்கினார். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்க விரைவு உணவகங்களின் ஒழுங்குமுறை அவருக்கு முன்மாதிரியாயிற்று. அம்முறையைக் கண்புரை அறுவை மருத்துவத்திற்குப் பொருத்தியதால் செலவு குறைந்தது. ஏழையர்க்கு இலவச மருத்துவமும் இயன்றது.

எனவே, தொழில் தொடங்க விழைவோர் தம்மையே வினவுதல் வேண்டும்: தீர்க்க விரும்பும் குறை எது? அதற்குரிய வழியை வேறிடத்தில் எவரேனும் கண்டுள்ளனரா? இழப்பை எவ்வளவு காலம் தாங்க இயலும்? வழி இருப்பின் பின்பற்றலாம், இல்லையேல் படைக்கலாம். மாறாமையோ எத்தொழிலுக்கும் கேடாகும்.