செஃபாலுவில் துஞ்ச நினைத்த மன்னர்

தொடர் – 12

"முதல்ல அம்மாவைக் கும்பிட்டிட்டு வருவம் அண்ணை. ராசாக்கள் எங்கை போகப் போகினம்? அங்கதானே படுத்திருக்கினம்."

பலெர்மோ பேராலயத்தின் தெற்கு வாசலில் நின்று இப்படிச் சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நெற்றியில் திருநீறு. அவர் அம்மா என்றது சாந்தா ரொசாலியாவை. 1624இல் நகரம் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்தபோது பெல்லெக்ரினோ மலைக் குகையில் அந்தப் புனிதையின் எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாக எடுத்துவந்ததும் நோய் தணிந்தது என்று ஊர் நம்பியது. அன்று முதல் அவள்தான் பலெர்மோவின் காவல் தெய்வம். 1631இல் செய்த வெள்ளிப் பேழைக்குள் அந்த எலும்புகள் இந்தப் பேராலயத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக் குகைக்கு ஏறிப்போகும் ஈழத் தமிழரில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. பேழை முன்னால் அவர் கைகூப்பி நின்ற நிலையைப் பார்த்தால் நல்லூர் வாசல்தான் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு ராஜாக்களிடம் வந்தோம். அம்மாவைப் பார்க்கக் கட்டணமில்லை. ராஜாக்களைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும்.

தெற்கு வாசலை ஒட்டிய பக்கச் சிற்றாலயத்தில், கல்மேடைகள்மேல், தூண் வைத்த கல் விதானங்களின் கீழ் பெட்டிகள் இருக்கின்றன. முதலில் கண்ணைப் பிடிப்பது நிறம். நாவற்பழக் கறை துணியில் காய்ந்தால் வரும் கருஞ்சிவப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். போர்ஃபிரி என்ற கல் இது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஒரே ஒரு மலையில் ரோமானியர் வெட்டி எடுத்தார்கள். பேரரசர்களுக்கு உரிய கல் என்பது அன்றைய வழக்கம். ரோமானியர் காலத்தோடு அந்தச் சுரங்கம் நின்றுபோயிற்று. அதனால் 12ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னருக்குப் போர்ஃபிரியில் சவப்பெட்டி வேண்டுமென்றால் பழைய ரோமானியக் கல்லைத் தேடிப் பிடித்து, எஃகுக்கே சவால் விடும் அந்தக் கடினத்தோடு போராடித்தான் செதுக்க வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிகள் இங்கே நான்கு இருக்கின்றன. சிசிலியின் முதல் மன்னர் இரண்டாம் ரோஜர், அவர் மகள் கான்ஸ்டன்ஸ், அவள் கணவர் பேரரசர் ஆறாம் ஹென்றி, அவர்களுடைய மகன் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக். தாத்தாவிலிருந்து பேரன் வரை ஒரே குடும்பம்.

"எங்கை போகப் போகினம்" என்று நண்பர் கேட்டார் அல்லவா? இவர்கள் போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள்.

ரோஜர் தனக்கென்று தேர்ந்த இடம் பலெர்மோவே அல்ல. கிழக்கே கடற்கரையில் இருக்கும் செஃபாலு. 1131இல் அங்கே ஒரு பேராலயத்தைத் தொடங்கி, 1145இல் இரண்டு போர்ஃபிரிப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தார். ஒன்று தன் உடலுக்கு, மற்றது தன் பெயரின் நினைவுக்கு. 1154 பிப்ரவரியில் பலெர்மோவில் இறந்தார். உடலை இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செஃபாலுவின் இரண்டு பெட்டிகளும் அறுபது வருடம் வெறுமையாகக் கிடந்தன. 1215இல் பேரன் ஃபிரெடெரிக், தன் தந்தைக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக, இரண்டையும் பலெர்மோவுக்கு எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபது. ரோஜரின் உடலோ, போர்ஃபிரியைப் பலகை பலகையாக வெட்டிச் சேர்த்த எளிய பெட்டியில்தான் கிடக்கிறது. நான்கிலும் வேலைப்பாடு குறைந்தது அதுதான். ராஜ்யத்தை உண்டாக்கியவருக்கு இது போதாது என்றே எனக்குப் பட்டது.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: பள்ளிப்படை. இறந்த அரசருக்காக எழுப்பிய கோயில். ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் கட்டினார். ராஜேந்திரன், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையில் கட்டினார். அரிஞ்சயனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்றும், சுந்தரசோழனைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. இறந்த இடமே பெயராகிவிடும். அந்த வழக்கப்படி ஃபிரெடெரிக், 'ஃபியோரெந்தினோக் கோட்டைத் துஞ்சின தேவர்' ஆகியிருப்பார். 1250 டிசம்பர் 13இல் தென் இத்தாலியின் அபூலியாவில் இருக்கும் அந்தக் கோட்டையில் இறந்தார். உடல் கடல் தாண்டி இங்கே வந்தது.

வந்த பிறகும் தனிமை வாய்க்கவில்லை. 1342இல் இறந்த மன்னர் இரண்டாம் பீட்டரையும், இன்றுவரை யாரென்று அறியப்படாத ஒரு பெண்ணையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். 1781இல் பேராலயத்தைப் புதுப்பிக்கத் தொடங்கி, கல்லறைகளைத் திறந்தபோது இது வெளிப்பட்டது. அந்தத் திருப்பணியில்தான் பலிபீடத்தருகே இருந்த மன்னர்களை இந்த ஓரத்துக்கு நகர்த்தினார்கள். ஃபிரெடெரிக்கின் முதல் மனைவி, அரகோனின் கான்ஸ்டன்ஸ், பழைய ரோமானியச் சலவைக்கல் பெட்டியொன்றில் இருக்கிறார். வேட்டைக் காட்சி செதுக்கியது. அவருடைய பொற்கிரீடம் 1491இல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. அது இப்போது பேராலயத்தின் கருவூலத்தில் இருக்கிறது.

1781இல் கண்ட இன்னொரு விஷயம்தான் என்னை அந்த இடத்திலேயே நிறுத்தியது. ஃபிரெடெரிக்கின் உடல்மேல் இருந்த அங்கியில் அரபு எழுத்துப் பின்னல்.

தாத்தா ரோஜரின் அரசவை லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் எழுதியது. அவருக்காக அல் இத்ரீஸி உலகப் புவியியல் நூலை அரபியில் எழுதினார். பேரன் ஃபிரெடெரிக் அரபு அறிந்தவர். 1229இல் சுல்தான் அல் காமிலோடு பேசியே எருசலேமைப் பெற்றவர். சகிப்புத்தன்மையின் அடையாளமாக அவரைக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் போன அன்றும் அவர் கல்லறையில் யாரோ பூ வைத்திருந்தார்கள். ஆனால் சிசிலியின் முஸ்லிம்களை, கலகம் செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கில் தீவைவிட்டே பெயர்த்து, அபூலியாவின் லுச்சேராவில் கொண்டுபோய்க் குடியமர்த்தியவரும் அவர்தான். 1300இல் வேறொரு வம்சத்து அரசர் அந்த லுச்சேராவையும் அழித்து, மக்களை அடிமைகளாக விற்றார். இதைச் சொல்லாமல் அந்தப் பூவை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது.

நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஊரோட கிளப்பிப் போட்டவரோ?" என்றார். வெளியே வந்ததும் தெற்கு முகமண்டபத் தூணொன்றைக் காட்டினார். குர்ஆன் வசனம் செதுக்கியது. முப்பது வருடமாக அதைக் கடந்துதான் அம்மாவிடம் போகிறாராம்.

அன்று மாலை ஸீஸா அரண்மனைக்குப் போனோம். அங்கே ஒரு சிறிய கல். ரோஜர் மன்னரின் குருமார்களில் ஒருவரான கிரிசாந்தோ தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. அன்னாவும் 1148இல் இறந்ததும் முதலில் பேராலயத்தில்தான் அடக்கமானார். மறுவருடம் மகன் வேறொரு கோயிலில் சிற்றாலயம் கட்டி, அங்கே மாற்றினார். அந்தச் செய்தியை நான்கு விதமாகப் பொறித்திருக்கிறார்: லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு. ஆண்டும் அந்தந்த மக்களின் கணக்கிலேயே இருக்கிறது. லத்தீனில் 1148, அரபியில் ஹிஜ்ரி 543. தன் தாய் இறந்த சேதி ஊரில் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறார். காலியில் கிடைத்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்லில் சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் பக்கத்தில் தமிழ் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் அந்நியமாகப் படாது.

நான்கு போர்ஃபிரிப் பெட்டிகளையும்விட அன்னாவின் கல்தான் ரோஜரின் ராஜ்யத்தைச் சரியாகச் சொல்கிறது.

பலெர்மோ போகிறவர்கள் பேராலயத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஸீஸாவுக்கும் போய் அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கும்பகோணம் பக்கம் போகிறவர்கள் பட்டீஸ்வரத்தருகே பஞ்சவன்மாதேவியின் பள்ளிப்படையையும் எட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் செஃபாலு.