புகைப்பவர்கள் குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

2003 மார்ச்சில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், மேடிசன் கவுண்டி நீதிமன்றம் ஃபிலிப் மாரிஸ் நிறுவனம் 1,010 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ‘லைட்ஸ்’ சிகரெட் உடம்பை அவ்வளவாகக் கெடுக்காது என்று நம்பவைத்து விற்றார்கள் என்பது வழக்கு. மேல்முறையீட்டுக்குப் போவதென்றால் 1,200 கோடி டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு கட்டினால் திவால்தான், ஏப்ரலில் மாநிலங்களுக்குத் தர வேண்டிய தவணையையும் தர முடியாமல் போகலாம் என்று நிறுவனம் கையை விரித்தது. உடனே 30க்கும் மேற்பட்ட மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் பிணைத்தொகையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இதே நிறுவனத்தின் மீது வழக்கு நடத்திய அலுவலகங்கள் இவை. பிணைத்தொகை குறைந்தது. 2005இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது.

சிகரெட் நிறுவனம் நொடித்துவிடக் கூடாதே என்று அரசுகள் பதறும் நிலை எப்படி வந்தது?

1994இல் மிசிசிப்பி மாநில அட்டர்னி ஜெனரல் மைக் மூர் தொடுத்த வழக்கில் இது தொடங்குகிறது. அதுவரை புகைத்து நோயாளி ஆனவர்கள் தனித்தனியாக வழக்குப் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ‘கெடுதல் என்று தெரிந்துதானே புகைத்தீர்கள்’ என்ற ஒரே வாதம் நிறுவனங்களைக் காப்பாற்றிவந்தது. மூர் கேட்டது வேறு. ஏழை நோயாளிகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் நுரையீரல் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் அரசு செலவழித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அரசு புகைக்கவில்லையே! பழைய வாதம் இங்கே எடுபடவில்லை. மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சாஸ், மினசோட்டா ஆகிய நான்கும் தனித்தனியாக சமரசம் செய்துகொண்டன. மற்ற 46 மாநிலங்கள் 1998 நவம்பரில் நான்கு பெரிய நிறுவனங்களோடு ஒரே உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர். அதன் பிறகும் ஆண்டுதோறும், முடிவு தேதி இல்லாமல். தவணை விலைவாசியோடு ஏறும். நாட்டில் சிகரெட் விற்பனை குறைந்தால் இறங்கும். இந்த இரண்டாவது நிபந்தனையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்து முளைத்தவை.

ஆண்டுக்கு ஒரு தவணை என்று காத்திருக்க ஆட்சியாளர்களுக்குப் பொறுமை இல்லை. 1999இல் நியூயார்க் நகரம் வழிகாட்டியது. அரசு தனியாக ஒரு கழகத்தை அமைத்து, வரப்போகும் தவணைகளை அதற்கு எழுதிக்கொடுக்கும். கழகம் அந்த வருவாயைக் காட்டிக் கடன்பத்திரம் வெளியிட்டு, திரட்டும் பணத்தை அரசிடம் கொடுக்கும். ஏப்ரல்தோறும் வரும் தவணை நேரே பத்திரம் வாங்கியவர்களுக்குப் போகும். தவணை போதாவிட்டால் அரசு தன் வரிப்பணத்தை எடுத்துத் தர வேண்டியதில்லை. பல வருட வாடகையை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டு, வீட்டுச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது போன்றது இது.

2001இல் பொருளாதாரம் சரிந்து பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் மாநிலங்கள் வரிசைகட்டின. விஸ்கான்சின் 2002இல் சுமார் 160 கோடி டாலருக்குப் பத்திரம் விற்று அந்தத் துண்டை அடைத்தது. 2007இல் ஓஹியோ சுமார் 550 கோடி டாலர் திரட்டியது. பள்ளிக் கட்டடங்களுக்கும் சொத்துவரிச் சலுகைக்கும் என்று காரணம் சொன்னது.

இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. புகைப்பவர்கள் எப்படியும் குறையப்போகிறார்கள், அந்த நஷ்டம் முதலீட்டாளர்களோடு போகட்டும் என்றார்கள். அது ஓரளவு நடக்கவும் செய்தது. பத்திரங்களை விற்றபோது, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் குறைவாகவே விற்பனை சரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2009 ஏப்ரலில் ஒரு பாக்கெட்டுக்கான மத்திய வரி 39 சென்டிலிருந்து சுமார் 1.01 டாலராக ஏறியது, கணக்கு தலைகீழானது. பிறகு இ-சிகரெட் வந்தது. உடன்பாட்டின் தவணைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் கடன் சுமை நீண்டுகொண்டே போகிறது. பத்திரங்களிலேயே மோசமான ஒரு வகை உண்டு. பல பத்தாண்டுகளுக்கு வட்டி என்று ஒரு சென்ட்கூடத் தராமல், வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போய், முதிர்வு நாளில் மொத்தமாகத் தருவது. வட்டி குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். இந்த வகையில் மாநிலங்களும் கவுண்டிகளும் பெற்ற சுமார் 300 கோடி டாலருக்கு 6,400 கோடி டாலர் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பதை 2014இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. தவணை போதாவிட்டால் அரசு பொறுப்பில்லை என்பது உண்மை. ஆனால் கடன் தீரும்வரை அடகு வைத்த தவணை பத்திரக்காரர்களுக்கே போய்க்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து வரி கட்டும் காலத்திலும் அந்தப் பணம் அவர்களுடைய மருத்துவமனைகளுக்கு வராது.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்தப் பணம் நோயாளிகளின் பெயரைச் சொல்லி வாங்கியது. நியூயார்க்கின் நயாகரா கவுண்டியில் அதில் ஒரு பகுதி கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் வசதிக்குப் போனது. புகையிலை வரியும் உடன்பாட்டுப் பணமும் சேர்ந்து வரும் ஒவ்வொரு டாலரிலும், புகைப்பதைத் தடுக்கும் பணிகளுக்கு மாநிலங்கள் செலவிடுவது ஏறத்தாழ 3 சென்ட். ஓஹியோ, புகையிலைத் தடுப்புக்கென்று அமைத்த அறக்கட்டளையையே 2008இல் கலைத்து, அதிலிருந்த 20 கோடி டாலருக்கும் அதிகமான நிதியை எடுத்துக்கொண்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 2010இல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது.

சட்டமன்றத்தின் கைக்கு எட்டாத இடத்தில் பணத்தை வைத்தது ஃபுளோரிடா. அதைச் செய்தவர்கள் வாக்காளர்கள். 2005ஆம் ஆண்டுத் தவணையில் 15 சதவீதத்துக்குச் சமமான தொகை, விலைவாசிக்கேற்ப உயர்ந்து, ஆண்டுதோறும் புகையிலைத் தடுப்புக்குப் போக வேண்டும் என்று 2006 நவம்பரில் வாக்களித்து மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். எந்தத் துண்டை அடைக்கவும் அதில் கைவைக்க முடியாது. புகைப்பதை விட நினைக்கும் ஃபுளோரிடாக்காரர் ஒரு இலவச எண்ணை அழைத்தால் ஆலோசனை கிடைக்கிறது, நிகோடின் பட்டையும் காசில்லாமல் கிடைக்கிறது.