ஷெல் துண்டு என்று நினைத்திருந்தோம்

பசறைப் பக்கத் தோட்டமொன்றுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். லயத்து வாசலில் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு, “மிஸ், இத கொஞ்சம் பாருங்க” என்று தொடையைக் காட்டினார். 1977 கலவரத்துக்குப் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, பிறகு உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்தவர்.

“உள்ள ஷெல் துண்டு கெடக்கு. அதுதான் வீங்குது. வலி ஒண்ணுமில்ல” என்றார். வலியில்லை என்றதும் நானும் நிம்மதியானேன். அது என் அறியாமை.

சில மாதங்களில் அது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஓரிடத்தில் ஸ்கான் எதுவும் எடுக்காமலே வெட்டி எடுத்தார்கள். ஆறிய காயத்தின் கீழ் கட்டி மறுபடி வந்தது. மென்திசுப் புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது. தசை, கொழுப்பு, நரம்பு போன்றவற்றில் வரும் இது அபூர்வமானது. கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகளே. ஆனால் 5 சென்ரிமீற்றரைத் தாண்டியது, ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது ஆகியவற்றை வலி இல்லாவிட்டாலும் விடக்கூடாது.

மஹரகமவில் வைத்தியர் முதலில் கேட்டது, வெட்டுவதற்கு முன் எடுத்த படத்தைத்தான். எங்களிடம் இல்லை. அந்தப் படம் ஏன் தேவை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கட்டி எவ்வளவு ஆழம், ஓரம் தெளிவாக இருக்கிறதா, சுற்றியுள்ள தசைக்குள் கலந்திருக்கிறதா, நடுப்பகுதி செத்துப்போயிருக்கிறதா என்பதெல்லாம் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். அதைப் பார்த்தே ஊசியால் எங்கே சதை எடுப்பது, எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிப்பார்கள். நோய் திரும்பி வருமா என்பதற்கும் அதில் குறிப்புகள் உண்டு. இந்நோய் பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவுவதால் நெஞ்சுக்கு சீ.ரி. ஸ்கானும் எடுப்பார்கள்.

மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கான் இயந்திரம் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் நாடெங்கும் பணம் திரட்டியது நினைவிருக்கலாம். கட்டி எவ்வளவு சீனியை உறிஞ்சுகிறது என்று காட்டும் இயந்திரம் அது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 51 நோயாளிகளின் பெட் படங்களையும் எம்.ஆர்.ஐ. படங்களையும் கணினியில் சேர்த்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நிற வேறுபாடுகளைக் கணக்கிட்டு, யாருக்கு நுரையீரலில் பரவும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா எனப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் விடை கிடைத்தது. சிறிய ஆய்வுதான். என்றாலும் வெட்டுமுன் எடுத்த படம் இருந்தால்தானே எந்தக் கணினியும் எதையும் சொல்லும்!

சகோதரிகளே, உங்களில் பலருக்கு உடம்பில் ஷெல் துண்டு இருக்கும். எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தம். கண், முள்ளந்தண்டு, இரத்தக்குழாய் அருகே இரும்பு இருந்தால் அது அசைந்து ஆபத்தாகலாம். எப்போது, எங்கே பட்டது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். பலருக்கு ஸ்கான் எடுக்கத் தடையிருக்காது. சீ.ரி.க்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

அக்காவுக்கும் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஷெல் துண்டு முழங்காலருகே சிறு பொட்டாகத் தெரிந்தது. கட்டி இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. “இத்தன நாளா பாவம், அதத் திட்டிக்கிட்டு இருந்தேனே” என்று சிரித்தார்.

இரண்டாவது சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்துவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். அதற்காகப் பேர் போடாமல் பதுளையில் இரவு பஸ் ஏறுகிறார், பழைய படங்களையெல்லாம் ஒரு சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு. கடைசியாக எடுத்த படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது.