உரிமையின் எல்லைகள் – 9
யார் கையில் துப்பாக்கி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் பக்கம் போனால், காலாப்பட்டைத் தாண்டி வருகிறது கனகசெட்டிக்குளம். அதைக் கடந்தால் தமிழ்நாடு. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த எல்லைக்கு இருந்த கனமே வேறு. அந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடந்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சு மண். அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த சட்டம் அது. துப்பாக்கி வைத்திருக்க இந்தியன் உரிமம் வாங்க வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. இந்தப் பாகுபாடுதான் நம்மவர்களைச் சுட்டது. 1887-இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸில் இளைஞர் பிபின் சந்திர பால் இதை எதிர்த்துப் பேசினார். 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில் பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை இவற்றோடு, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது.

புரட்சியாளர் வ.வே.சு. ஐயர் 1910-இல் பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி, அந்தச் சட்டம் செல்லாத புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் சுடக் கற்றதாகச் சொல்லப்படும் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ரயில் நிலையத்தில் மனைவியோடு பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, தன்னையே சுட்டுக்கொண்டு செத்தார். வாஞ்சியின் தியாகத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஆயுத உரிமை பேசுகிறவர்கள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் கராச்சியின் பழைய கோரிக்கைக்கு உயிர் கொடுத்தது. அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சிக் காலத்தில் பிறந்த கோரிக்கை அது, இப்போது நிலைமை மாறிவிட்டது என்றார். குடிமகனுக்கு ஆயுதம் தாங்கும் உரிமையைவிட, நாட்டுக்காக ஆயுதம் தாங்கும் கடமையே முக்கியம் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. தோற்றது நல்லது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே துப்பாக்கி உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கம் (ACLU) அதைத் தனிமனித உரிமையாக நீண்ட காலம் ஒப்புக்கொள்ளவில்லை. 2017-இல் வெள்ளை இனவெறியர்கள் கூடிய சார்லட்ஸ்வில் கலவரத்துக்குப் பின், ஆயுதத்தோடு ஊர்வலம் போகிறவர்களுக்காக வாதாட மாட்டோம் என்றும் அறிவித்தது. அதே சங்கம்தான் 2024-இல், நியூயார்க் அதிகாரி ஒருவர் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் கழுத்தை நெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை மிரட்டினார் என்ற வழக்கில், அந்தத் துப்பாக்கிச் சங்கத்துக்காகவே உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள். சங்கம் காத்தது பேச்சுரிமையை. பிடிக்காதவனின் வாயையும் அதிகாரம் பொத்தக்கூடாது என்ற அந்த நெஞ்சுரம் நமக்கும் வேண்டும்.

நம் மக்கள் உரிமை இயக்கங்களின் கவலை போலீஸ் துப்பாக்கி. என்கவுன்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்ததே பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில்தான். 2018-இல் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்த நாம் அந்தக் கவலையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் உரிமம் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியை நாம் விட்டுவிட்டோம். இன்று கனகசெட்டிக்குளத்துக்காரர் புதுச்சேரி ஆட்சியரிடமும் பக்கத்து ஊர்க்காரர் விழுப்புரத்திலும் மனுப் போட வேண்டும். சட்டம் ஒன்றே, 1959-ஆம் ஆண்டுச் சட்டம். போலீஸ் விசாரணை அறிக்கை வரும். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு, மேல்முறையீடும் உண்டு. ஊரில் செல்வாக்குள்ளவருக்குச் சாதகமாக வரும் போலீஸ் அறிக்கை, காலனிக்காரருக்கும் அப்படியே வருமா?

1968-இல் வெண்மணியில் துப்பாக்கி இருந்தது பண்ணையார் தரப்பிடம். குடிசைக்குள் எரிந்த தலித்துகள் 44 பேர். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ஐ எடுத்துப் பாருங்கள். மூன்றாவது விதி தெளிவாகச் சொல்கிறது: வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் தேவைப்பட்டால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம், தேவையானால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் கொடுக்கலாம். சேரியில் துப்பாக்கி பெருக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த விதியின் முதல் பாதியை, அதாவது பறிக்கும் பாதியை, ஆட்சியர்கள் கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். எத்தனை உரிமங்கள் இப்படி ரத்தாயின, எத்தனை பேர் புதிதாகக் கேட்டார்கள், எத்தனை மனுக்கள் என்ன காரணத்தால் தள்ளப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டந்தோறும் மனுப் போட வேண்டியது நம் இயக்கங்களின் வேலை.

(தொடரும்)