துப்பாக்கிக் குழலும் நம்ம ஃபிட்டிங் ஷாப்பும்

துப்பாக்கி என்றதும் சினிமா சண்டையை நினைத்துவிடாதீர்கள். வேட்டைக்கும் விளையாட்டுக்கும் என்றே செய்யப்பட்ட நயமான துப்பாக்கிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பரவையிலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் நண்பன் அடிக்கடி கேட்பான்: "சி.என்.சி. வந்தாச்சு, இன்னும் எதுக்குடா அரம் பிடிச்சுத் தேய்க்கணும்?" அவனுக்கான பதில் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. '12 போர்' என்றால் என்ன? குழலின் உள்விட்டம் உள்ள ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அந்த விட்டம் சுமார் 18.5 மி.மீ.

அந்தக் காலம்

இரும்பு, எஃகுக் கம்பிகளை அடுக்கி, உலையில் காய்ச்சி ஒட்டி, முறுக்கிப் பட்டையாக்குவார்கள். அதை ஒரு தண்டின் மேல் கயிறு மாதிரி சுற்றி, மறுபடி காய்ச்சி அடிப்பார்கள். இதுதான் டமாஸ்கஸ் குழல். ஆசிட் பட்டதும் கோலம் போட்டது போல வரி தெரியும். அழகுதான்; ஆனால் குழல் நெடுக ஒட்டு! கரிமருந்துக்குத் தாங்கியது. புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு அந்த ஒட்டை நம்ப முடியாது. கசடு சிக்கிய இடத்தில் பிளந்தால் சுடுபவர் கையே போய்விடும்.

பாகங்களைப் பொருத்தியது எப்படி? 1814-ல் தொடங்கிய லண்டன் பர்டி கம்பெனியின் வேலைக்காரர்கள் பாகத்தில் விளக்குப் புகைக்கரி பூசிப் பொருத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம்தான் முட்டும் இடம். அங்கே மட்டும் அரம். நாம் பிரஷ்யன் புளூ தடவிப் பார்க்கிறோமே, அதே வித்தை!

நம் நாட்டில் பீகாரின் முங்கேர் இதற்குப் பேர்போன ஊர். 1760-களில் நவாப் மீர் காசிம் அங்கே ஆயுதப் பட்டறை அமைத்தார். துப்பாக்கித் தொழில் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இந்தக் காலம்

இன்று குழல் ஒரே அலாய் ஸ்டீல் தண்டு. ஆழத் துளையிட்டு ஹோனிங் செய்கிறார்கள். மற்ற பாகங்களுக்கு சி.என்.சி., வயர் கட். இதன் பெரிய லாபம், பாகம் மாற்றலாம். கையால் செய்த துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் இன்னொன்றின் ஸ்பிரிங் அப்படியே உட்காராது, தேய்த்துத்தான் பொருத்தணும். நமக்குப் பக்கத்தில், 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் செய்திருக்கிறது.

வேட்டையை 1972-ம் வருஷச் சட்டம் கட்டுப்படுத்திவிட்டது. இப்போது குறி, பறக்கும் 110 மி.மீ. களிமண் தட்டு. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். இந்த ஆட்டத்தில் கட்டையின் நீளமும் வளைவும் சுடுபவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஒத்துவரணும். அதனால்தான் பர்டியிலும் இன்று சி.என்.சி. வெட்டிய பிறகு கடைசிப் பொருத்தம் கைவேலையாகவே நடக்கிறது.

எனவே நண்பனே, குழலின் பலத்துக்கு இன்றைய எஃகும் மெஷினும்தான் வேணும். அதில் பழம்பெருமை பேசிப் பயனில்லை. ஆனால் இரண்டு பாகம் எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதவன், மெஷின் தப்பு செய்தால் எப்படிப் பிடிப்பான்? அதைக் கற்றுக்கொடுப்பது அந்த அரம்தான். இன்னும் ரெண்டு செமஸ்டர் தேய்ப்போம், வா!