இணையமும் எமது பொதுவாழ்வும்

சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலிருந்து நா. பொன்னையா அவர்கள் 1930 ஆம் ஆண்டில் "ஈழகேசரி"யை வெளியிடத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே சர்வசன வாக்குரிமையின்கீழ் நடந்த முதலாவது தேர்தலை, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வேண்டுகோளுக்கிணங்கக் குடாநாடு பகிஷ்கரித்தது. நான்கு தொகுதிகள் பிரதிநிதியின்றி நின்றன. மேடையும் அச்சும் அன்று செய்த வேலை அஃது. எனினும் அக்காலத்திலே பேசுவோர் சிலர், கேட்போர் பலர். பத்திராதிபருக்குக் கடிதம் எழுதியவர் அஃது அச்சேறுமோ என்று காத்திருக்க வேண்டியவரே.

இவ்வொழுங்கையே இணையம் தலைகீழாக்கியது. கைத்தொலைபேசி உடையவர் யாவரும் இன்று பத்திராதிபர், யாவரும் வாசகர். அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பராக் ஒபாமா, சாமானியர் இணையவழி அனுப்பிய சிறு சிறு தொகைகளைக்கொண்டு பெருநிதி திரட்டியமை உலகறிந்தது. அதனிலும் வியப்பானதொன்றை நாம் எமது நாட்டிலேயே கண்டோம்.

2022 ஆம் ஆண்டிலே எரிபொருளும் எரிவாயுவும் மின்சாரமும் அருகிப்போக, எந்தக் கட்சியும் தலைமை தாங்காமலே மக்கள் முகநூல்வழி ஒருவரையொருவர் அழைத்துத் திரண்டனர். ஏப்பிரல் 3 ஆந் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அன்றே தடையை நீக்கவும் நேர்ந்தது. ஆறு நாட்களின்பின் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தன. யூலை 14 இல் நாட்டைவிட்டு நீங்கியிருந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, தமது பதவி விலகற் கடிதத்தை மின்னஞ்சலிலேயே அனுப்பினார்.

வடபுலத்தார் பலர் இக்கிளர்ச்சியைச் சற்று விலகிநின்றே நோக்கினர். எமது துயரத்தின்போது இக்குரல்கள் எங்கிருந்தன என்ற வினா அவர்தம் உள்ளத்தில் இருந்தது, அவ்வினா நியாயமானதே. ஆயினும் அவ்வாண்டு மே 18 இல் அதே திடலிலே முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டுக் கஞ்சியும் வழங்கப்பட்டமையை நாம் சிறிய செய்தியாகக் கொள்ளவில்லை.

இக்கருவியே நஞ்சையும் சுமந்தது. 2018 இல், முஸ்லிம்களின் உணவகத்திலே கருத்தடை மருந்து கலக்கப்படுகின்றதென்ற பொய்வதந்தி அம்பாறையில் பரவியது. அடுத்த மாதம் திகனையிலே வீடுகளும் கடைகளும் எரிந்தன. முகநூல் நிறுவனம் 2020 இலேயே வருத்தம் தெரிவித்தது. பொய்யுரைகளை அடக்குதற்கென 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. எது பொய் என்பதை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் ஏற்பாட்டை நாம் ஐயத்தோடேயே நோக்குகின்றோம்.

இனி, எம்மூர்க் கிணறுகளுக்கு வருவோம். சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு எழுந்த காலத்தில், அவற்றின் படங்கள் கடல்கடந்த எம்மவரையும் எட்டின. ஆனால், நீரிலே தீங்குண்டா இல்லையா என்ற வாதம் படங்களால் முடிவுறவில்லை. 2015 இல் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பகுப்பாய்வு அறிக்கைகள் நீதிமன்றின்முன் வந்தன. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள்! ஒரு படம் உலகைச் சுற்றிவர நான்கு நிமிடமும் வேண்டியதில்லை.

அத்தகைய அறிக்கைகளைக் கேட்டுப்பெறும் வழி இன்று மாணவர்க்கும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இந்நாட்டுப் பிரசை எவரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுள் அதிகாரசபை அறிவித்தல் வேண்டும்.